கூரைமேல் மூன்றாவது குழல்

சின்னவனுக்கு ஐம்பத்துமூன்று வயது. அந்த வயதில் ஒருவனைச் சின்னவன் என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை இருந்தது. அந்த ஆள் அவனுடைய அக்கா. ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் மகள் வீட்டோடு போய்விட்டாள். அதன் பிறகு அவன் ஊருக்கெல்லாம் புகைக்காரர் மட்டும்தான்.

வீடுகளில் கணப்பு மூட்டுகிற ஊர் அது. வருஷத்தில் ஆறு மாதம் குளிர். கூடத்துச் சுவரில் குழிந்து இருக்கும் கணப்பில் விறகு எரியும். அதற்கு மேலே சுவருக்குள்ளேயே புகைபோக்கி ஓடி, மாடியைத் தாண்டி, கூரைக்கு மேல் ஒரு செங்கல் மேடையில் போய் நிற்கும். மேடையின் தலையில் பூந்தொட்டியைக் கவிழ்த்த மாதிரி மண்குழல்கள். ஒரு கணப்புக்கு ஒரு குழல். இவற்றைச் சுத்தம் செய்வதுதான் சின்னவனின் பிழைப்பு. இருபத்தாறு வருஷமாக வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவனுக்கு வாய் திறக்கும். "புகை தானா மேல போறதில்லைங்க. சூடு தூக்கிட்டுப் போகுது. குழாய் பூரா சூடான காத்து இருந்தா அது மேல ஏறும், ஏறும்போது ரூம்ல இருக்கற காத்தைக் கூடவே இழுத்துக்கும். குழாய் ஜில்லுனு இருந்தா? உள்ள இருக்கற குளிர்காத்து தக்கை மாதிரி அடைச்சுக்கும். நீங்க கீழ என்ன ஊதினாலும் புகை உங்க மூஞ்சிக்குத்தான் வரும். அதுக்குத்தான் முதல்ல ஒரு பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி குழாய்க்குள்ள காட்டணும். அது தக்கையைத் தள்ளிவிடும். அப்புறம் விறகு." ஈர விறகு எரித்தால் புகையில் இருக்கிற தார் குழாயின் உள்சுவரில் பசையாக ஒட்டும், வருஷக்கணக்கில் சேர்ந்தால் ஒருநாள் அதுவே தீப்பிடித்துக்கொள்ளும் என்பதையும் சொல்வான். கேட்பவர் தலையாட்டுவார், மறுநாளும் ஈர விறகைத்தான் எரிப்பார்.

அவன் வேலை செய்த வீட்டில் ஒரு பொட்டுக் கரி இருக்காது. முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலிருந்து கணப்பு வரைக்கும் பழைய படுக்கை விரிப்பை விரிப்பான். கணப்பின் முகத்தைத் துணியால் மூடி நாலு ஓரத்திலும் டேப் ஒட்டுவான். துணியின் நடுவில் கை நுழையும் ஓட்டை. அதன் வழியாகத் தூரிகையை விட்டு, பின்னால் ஒவ்வொரு கம்பாகத் திருகிச் சேர்த்து மேலே தள்ளுவான். கம்பை வலப்பக்கமாக மட்டுமே சுழற்றுவான். இடப்பக்கம் ஒரு சுற்று சுற்றினால் திருகு கழன்று தூரிகை நடுக்குழாயில் தங்கிவிடும். உள்ளே போன கம்பு எத்தனை என்று வாய்விட்டு எண்ணுவான், வெளியே வரும்போதும் எண்ணுவான். இரண்டு கணக்கும் ஒத்துப்போகும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். கரியில் புரண்டு சம்பாதித்தாலும் அவன் வீட்டுக் கொடியில் தொங்கிய சட்டைகளைப் பார்த்துச் சலவைக்காரரே அக்காவிடம் ரகசியம் கேட்டிருக்கிறார்.

இளம் வயதிலேயே கணவனைப் பறிகொடுத்துக் கைக்குழந்தையோடு வந்த அக்கா, பிறகு அவனோடு வேலைக்கும் வர ஆரம்பித்தாள். அவன் மேலே, அவள் கீழே. அவள் கீழே நின்றது சும்மா இல்லை. பழைய வீட்டில் கூரை மேல் நாலைந்து குழல் வரிசையாக நிற்கும். எது எந்தக் கணப்புக்குப் போகிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. சுவருக்குள் குழாய்கள் வளைந்து, ஒன்றையொன்று தாண்டிக்கூடப் போயிருக்கும். அதனால் அவள் கணப்புக்குள் தலையை விட்டுக் கத்துவாள், அவன் மேலே ஒவ்வொரு குழலிலும் காதை வைப்பான்.

"கேக்குதாடா?"

"கேக்கல, இன்னும் கத்து!"

"நான் இங்க மூச்சு முட்டி நிக்கறேன், நீ மேல காத்து வாங்கறியா? ஊர்ல யார் வீட்டு மொட்டமாடில என்ன காயுதுன்னு எண்ணிட்டு இருக்கியா?"

"கேக்குது, கேக்குது. எல்லாமே கேக்குது."

கல்யாணம் அவனுக்கு அமையவில்லை. இரண்டு இடத்தில் பேச்சு வந்து, நகக்கண்ணில் தங்கியிருந்த கறுப்பைப் பார்த்துத் தட்டிப்போனது. அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவின் மகள் படித்தாள், வேலைக்குப் போனாள், தூர ஊரில் குடும்பமானாள். போன வருஷக் குளிரில் அக்காவுக்கு இருமல் நிற்கவில்லை. டாக்டர் அவளுடைய நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இனிமேல் கரிப் பக்கமே போகக் கூடாது என்றார். மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு அறை வீட்டில் சின்னவன் மட்டும். காலையில் ஒரு டம்ளர் டீ போடுவதற்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்பதே அவனுக்கு ஒரு மாதம் பிடிபடவில்லை. தினம் இரண்டு டம்ளர் டீ தயாராகும். இரண்டையும் அவனே குடிப்பான்.

கீழே கத்த ஆள் இல்லாத குறைக்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். கையடக்க ரேடியோ ஒன்றை வாங்கினான். சத்தத்தை முழுதாகத் திருப்பிக் கணப்புக்குள் வைத்துவிட்டு மேலே ஏறுவான். எந்தக் குழலில் பாட்டுக் கேட்கிறதோ அதுதான் அந்தக் கணப்பின் குழல். சுலபமான வேலை. ரேடியோ அவனைத் திட்டாது, காற்று வாங்குகிறாயா என்று கேட்காது. ஆறு மாதம் இப்படியே ஓடியது.

ஆற்றங்கரைத் தெருவில் தபால் ஆபீஸ் அம்மா வீட்டுக்கு அவன் போனது குளிர்காலம் தொடங்குகிற ஒரு செவ்வாய்க்கிழமை. ஒட்டினாற்போல் இரண்டு வீடு, நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரின் மேல் ஒரே மேடை, மேடையில் நாலு குழல். இடப்பக்க வீடு தபால் ஆபீஸ் அம்மாவுடையது. வலப்பக்கத்தில் ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருவர் தனியாக இருந்தார்.

அந்த அம்மாவுக்கு இரண்டு வேலை. கூடத்துக் கணப்பைச் சுத்தம் செய்ய வேண்டும். மாடி அறையில் இருக்கும் சின்னக் கணப்பை யாரும் மூட்டுவதில்லை. மழையும் குருவிக் குப்பையும் அது வழியாக விழுகிறது, அதன் குழலுக்கு மேலே மூடி போட வேண்டும். வாசலில் நின்றே சொல்லிவிட்டு, சாவியைக் கொடுத்து, "நான் பத்தரைக்கு டிபன் பாக்ஸ் எடுக்க ஒரு தடவை வந்துட்டுப் போவேன்" என்று ஆபீசுக்குக் கிளம்பினாள்.

கூடத்து வேலை முடிந்தது. கம்புக் கணக்கு ஒத்தது. தூரிகை முதல் குழல் வழியாக எட்டிப் பார்த்ததை இடையில் தெருவில் போய் நின்று பார்த்திருந்தான். மாடிக் கணப்பில் குழாய் தொடங்குகிற கழுத்து இரும்பு; மூன்று விரல்தான் நுழையும். அதில் தூரிகை போகாது. ரேடியோவை வைத்துவிட்டு ஏறினான்.

இரண்டாவது குழலில் காதை வைத்தான். ஒன்றுமில்லை. மூன்றாவதில் வைத்தான். பாட்டுப் பிரமாதமாகக் கேட்டது. "இன்னிக்கு நல்லா கேக்குதே" என்று அவனே சொல்லிக்கொண்டான். மூன்றாவது குழல் வலப்பக்க வீட்டுப் பாதியில் நிற்கிறதே என்று ஒரு விநாடி தோன்றியது. தோன்றாமல் இருக்குமா? ஆனால் குழாய்கள் தாண்டிப் போவதை அவன் நூறு வீட்டில் பார்த்திருக்கிறான். வளைந்து வந்திருக்கிறது என்று முடிவு கட்டினான். ஒன்றும் தெரியாத புது ஆளாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். அவனுக்கு எல்லாம் தெரியும்.

அக்கா இருந்தவரைக்கும் மூடி போடும் முன் ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க கணப்புல என்ன எரியுது, எப்ப மூட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டு வருவாள். கேட்கப் போன இடத்தில் அரை மணி நேரம் அவள் கதை பேச, அவன் கூரையில் காய வேண்டியிருக்கும். அவள் போன பிறகு அந்த வழக்கமும் நின்றது. முன்பின் தெரியாத கதவைத் தட்டிப் பேசுவது என்றால் சின்னவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது குழலில் தகர மூடியை வைத்துப் பட்டையைச் சுற்றித் திருகாணியை முறுக்கினான். காற்றோட்டத்துக்கு அந்த மூடியின் பக்கங்களில் சுண்டுவிரல் நுழையும் துளைகள் உண்டு. எரியாத கணப்புக்கு அது போதும். எரிகிற கணப்புக்கு அது போதவே போதாது.

கீழே வந்தபோது ரேடியோ பாடவில்லை. டிபன் பாக்ஸ் எடுக்க வந்த அம்மா நிறுத்தியிருப்பாள் என்று நினைத்து, அப்படியே பையில் போட்டுக்கொண்டு, விரிப்பைச் சுருட்டி, தரையை இரண்டு தடவை துடைத்து, சாவியைச் சொன்ன இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

மாலை நாலு மணிக்கு வீட்டில் முகம் கழுவிக்கொண்டு ரேடியோவை வெளியே எடுத்தான். வீட்டிலும் அதுதான் துணை. குமிழைத் திருப்பினான். குமிழ் அதற்கு மேல் திரும்பவில்லை. ஏற்கெனவே முழுச் சத்தத்தில் இருந்தது. யாரும் அதை நிறுத்தவே இல்லை. பேட்டரி தீர்ந்திருந்தது.

துண்டு கையிலேயே இருக்க, சின்னவன் அப்படியே நின்றான். பேட்டரி எப்போது தீர்ந்தது? அவன் மேலே போன பிறகா, போவதற்குள்ளா? பாட்டு அவ்வளவு நன்றாகக் கேட்டது இந்தப் பொம்மை ரேடியோவிலிருந்தா? அப்படியானால் மூன்றாவது குழலில் பாடியது யார்?

அவன் வண்டியை அப்படி ஓட்டி யாரும் பார்த்ததில்லை. பழைய சின்ன வேன், கூரையில் ஏணி. பாலத்தின் மேல் வரும்போதே ஊரின் கூரைகள் தெரிந்தன. எல்லாரும் கணப்பு மூட்டுகிற நேரம். ஆற்றங்கரைத் தெரு மேடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். தபால் ஆபீஸ் அம்மா வீட்டின் முதல் குழலிலிருந்து புகை நேராகப் போய்க்கொண்டிருந்தது. மற்ற மூன்றில் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால், டிரைவர் இன்னும் மூட்டவில்லை என்று அர்த்தம். இல்லை, மூட்டிவிட்டார், புகை வெளியே வரவில்லை என்று அர்த்தம். கூரையைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கதவைத் தட்டினான். உள்ளே ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. காது மந்தமானவர் வைக்கிற சத்தம். மறுபடி தட்டினான், ஜன்னல் கண்ணாடியைத் தட்டினான், பிறகு யோசிக்காமல் பக்கவாட்டுச் சந்து வழியாக ஓடிச் சமையலறைக் கதவைத் தள்ளினான். திறந்துகொண்டது.

கூடத்தில் புகை அதிகம் இல்லை. அதுதான் பயம். விறகு தணலாகிவிட்டால் புகை குறையும். கண்ணுக்கும் தெரியாத, மூக்குக்கும் தெரியாத வேறு விஷம் வரும். டிரைவர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். காலடியில் வாந்தி. ரேடியோ கணப்பை ஒட்டிய திண்டிலேயே இருந்தது.

"ஐயா! ஐயா, எழுந்திருங்க!"

கண்ணைத் திறந்தார். "தலைவலிக்குதுப்பா" என்றார், குழந்தை மாதிரி.

அக்குளில் கையைக் கொடுத்து அவரை இழுத்துக்கொண்டு பின்வாசல் படிக்கு வந்தான். உட்காரவைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்து, தணலை இரும்பு வாளியில் அள்ளி வெளியே கொண்டுவந்து மண்ணைக் கொட்டினான். சத்தம் கேட்டு வந்த தபால் ஆபீஸ் அம்மாவும் அவனுமாக அவரை வேனில் ஏற்றினார்கள்.

வழியில் அவர் பேசினார். "ஈர விறகுன்னு நெனச்சேன். நான் மூட்டினாலே புகையும். என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் அவதான் மூட்டுவா. அவ கைக்கு ஒரே குச்சில பத்திக்கும். அவ போயி ரெண்டு வருஷமாச்சு, எனக்கு இன்னும் வரல. ஜன்னலைத் தொறந்து வச்சேன், கொஞ்சம் அடங்குச்சு, குளிருதேன்னு சாத்திட்டேன்." அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "பேசாதீங்க, பேசாதீங்க" என்று அவர் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரி சின்னதுதான். மூக்கிலும் வாயிலும் முகமூடியைப் பொருத்தி ஆக்சிஜன் கொடுத்தார்கள். டாக்டர் வந்து பார்த்து, தப்பித்துவிட்டார், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். நர்ஸ் சின்னவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்களா?"

"ஆமாங்க."

"நல்ல வேளை அந்தப் பக்கம் வந்தீங்க."

"தெய்வம் மாதிரி வந்தாரு" என்றாள் தபால் ஆபீஸ் அம்மா. "காலைலதான் எங்க வீட்டுல வேலை செஞ்சுட்டுப் போனாரு. எதையோ மறந்துட்டு எடுக்க வந்திருப்பாரு போல. இவர் மட்டும் வரலன்னா சுவருக்கு அந்தப் பக்கம் நான் உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்திருப்பேன்."

சின்னவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். யாருக்கும் தெரியாது. ஈர விறகு என்று பெரியவரே சொல்லிவிட்டார். காலையில் வெளிச்சம் வந்ததும் ஏறி, நாலு திருகாணியைக் கழற்றி, மூடியை இரண்டாவது குழலில் மாட்டினால் ஐந்து நிமிஷ வேலை. கூரையில் அவன் என்ன செய்கிறான் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும். புகைக்காரன் எரிகிற கணப்பின் குழலை அடைத்தான் என்றால், அந்த ஊரில் அவனுக்கு எவன் கதவைத் திறப்பான்?

ஆறு மணிக்கு டிரைவரின் மகன் வந்தான். ஒரு மணி நேரத் தூரத்து ஊரிலிருந்து காரில் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். நல்லவன்தான், பயந்திருந்தான். பயம் கோபமாக வந்தது.

"எத்தனை தடவை சொன்னேன்ப்பா? தனியா இருக்காதீங்க, இருக்காதீங்கன்னு. ஒரு நெருப்பு மூட்டத் தெரியல உங்களுக்கு. நாளைக்கு கேஸைத் தொறந்து விட்டுட்டுத் தூங்குவீங்க. போதும். வீட்டைப் பூட்டறோம், எங்கூட வறீங்க. கீழ் ரூமை ஒழிச்சுத் தரேன்."

டிரைவர் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார். நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய கை; விரல்கள் இப்போதும் எதையோ பிடித்திருப்பது போல வளைந்திருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிப்பா" என்றார். "என் கை சரியில்ல. நீ சொல்ற மாதிரியே செஞ்சுக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். சண்டை போடுவார் என்று மகன் எதிர்பார்த்திருக்க வேண்டும்; அவனுக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "கொண்டுவந்து சேத்தவர் கையெழுத்துப் போடணும். பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்? பக்கத்து வீடா?"

சின்னவன் பேனாவை வாங்கவில்லை.

"அவர் குழாயை அடைச்சது நான்தாங்க" என்றான்.

"என்னது?"

"ஐயா மேல தப்பு இல்ல. அவர் கையில தப்பு இல்ல. காலைல மேடம் வீட்டு மாடிக் கணப்புக்கு மூடி போடப் போனேன். குழல் மாறிப்போச்சு. இவரோடதுல போட்டுட்டேன். உலகத்துல யார் மூட்டியிருந்தாலும் அந்தப் புகை உள்ளதான் வந்திருக்கும். வீட்டுக்குப் போன பெறகுதான் எனக்குப் புரிஞ்சுது. அதான் ஓடி வந்தேன். மறந்த சாமான் எடுக்க வரல."

தபால் ஆபீஸ் அம்மா அவனிடமிருந்து ஒரு அடி பின்னால் போனாள். அவளுக்கே தெரியாமல் போனது அது.

"யோவ்" என்றான் மகன். "ஒரு மனுஷனைக் கொல்லப் பாத்துட்டு, கூடவே நின்னு நல்ல பேரும் வாங்கிட்டு இருந்தியா?"

"ஆமாங்க. கொஞ்ச நேரம் நின்னேன்."

"எப்படிய்யா குழல் மாறும்? கண்ணு தெரியாதா? கூட ஆள் கிடையாதா?"

"ஆள் இல்லைங்க. ரேடியோவை வச்சுட்டு ஏறுவேன். பேட்டரி தீந்துபோச்சு. ஐயாவோட ரேடியோ சத்தம் அவர் குழல்ல வந்துச்சு. ரெண்டும் ஒரே ஸ்டேஷன்."

சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டிரைவர் முகமூடியை முழுதாகக் கழற்றிவிட்டு முழங்கையை ஊன்றி எழுந்திருந்தார்.

"எனக்குச் சரியா கேக்கல. மறுபடி சொல்லு."

சின்னவன் அவர் காதருகே குனிந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னான்.

"அப்போ விறகு ஈரம் இல்லையா?"

"தணலைப் பாத்தேங்க. நல்லா காஞ்ச விறகு."

"நான் அடுக்கினது?"

"சரியா அடுக்கியிருந்தீங்க."

டிரைவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா?" என்றார். பிறகு சின்னவனிடம், "உன்ன செருப்பால அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு, முகமூடியைத் தானே மாட்டிக்கொண்டு படுத்தார். நர்ஸ் தாளை மகனிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை சின்னவன் ஆற்றங்கரைத் தெருவுக்குப் போனபோது விஷயம் அவனுக்கு முன்னால் போயிருந்தது. தபால் ஆபீஸ் அம்மா கதவைப் பாதி திறந்தாள். "என் மூடியை நான் வேற ஆளை வச்சுப் போட்டுக்கறேன். நீங்க சிரமப்பட வேண்டாம்." அதில் திட்டு எதுவும் இல்லை, மரியாதை மட்டும்தான் இருந்தது. அந்த வாரம் அவனுக்கு ஆறு வீட்டில் வேலை சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்குள் நாலு வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. "உறவுக்காரங்க வந்திருக்காங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் ஒருவர். "எங்களுக்கு இந்த வருஷம் அவ்வளவா குளிரல" என்றார் இன்னொருவர்.

மூன்றாவது குழலின் மூடியைக் கழற்றினான். மகன் தெருவில் கையைக் கட்டிக்கொண்டு நின்று அதைப் பார்த்தான். அவனும் அப்பாவும் விடிகாலையிலேயே வீடு திரும்பியிருந்தார்கள். சின்னவன் கீழே வந்து, காசு வேண்டாம், குழாயை ஒரு தடவை முழுக்கச் சுத்தம் செய்துவிடுகிறேன் என்றான். மகன் அப்பாவைப் பார்த்தான். டிரைவர், "செய்யட்டும். நான் பக்கத்துலயே உக்காந்து பாக்கறேன்" என்றார்.

பார்த்தார். விரிப்பு விரித்ததை, துணி கட்டியதை, கம்பு எண்ணியதை எல்லாம் கண் எடுக்காமல் பார்த்தார். ஏழாவது கம்பில் தூரிகை முட்டியது. சின்னவன் மெல்ல மெல்லக் குத்தினான். பொலபொலவென்று கீழே விழுந்தது ஒரு பழைய குருவிக்கூடு. அதன் மேலெல்லாம் தார் படிந்து கல் மாதிரி ஆகியிருந்தது. அதன் பின்னால் ஒரு வாளி நிறையக் கரி. தூரிகை மேலே போய் வெளிச்சத்தைக் கண்டது.

"இது எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார் டிரைவர்.

"ரெண்டு வருஷம், அதுக்கும் மேல இருக்கும். கடைசியா எப்ப சுத்தம் பண்ணீங்க?"

"அதெல்லாம் அவதான் பாத்துப்பா. ஆளைக் கூப்பிடுவா, வருவாங்க, போவாங்க. எனக்கு டூட்டி." கூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வருஷமா எனக்குக் கை வரலன்னு நெனச்சுட்டு இருந்தேன். பாதிக் குழாய்தான் இருந்திருக்கு."

"பாதிகூட இல்லைங்க."

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சற்றுக் கழித்து, இந்தக் குளிர்காலம் வரைக்கும் அப்பா இங்கேயே இருக்கட்டும், பார்க்கலாம், கூடத்தில் விஷவாயு வந்தால் அலறுகிற கருவி ஒன்றை மாட்டிவிட்டுப் போகிறேன், அதன் சத்தம் அப்பாவுக்குக் கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றான். கேட்டது. இரண்டு அறை தள்ளி நின்றும் கேட்டது. "எனக்குப் புடிக்காத சத்தம்லாம் நல்லா கேக்கும்" என்றார் டிரைவர்.

சின்னவன் கரியை மூட்டை கட்டி, தரையைத் துடைத்து, கணப்பில் காய்ந்த விறகை அடுக்கப் போனான். ஒரு பேப்பரைச் சுருட்டினான்.

"வை அதை" என்றார் டிரைவர்.

"குழாய் ஜில்லுனு இருக்கும்ங்க. முதல்ல பேப்பரைக் காட்டி…"

"அதை எனக்குச் சொல்லு. நான் செய்யறேன்."

சொன்னான். டிரைவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார், பஸ் ரூட்டில் நிறுத்தங்களைச் சொல்வது போல. பிறகு நிமிர்ந்தார்.

"நீ கெளம்பு."

"பத்திக்கிச்சான்னு பாத்துட்டுப் போறேனே. மூடி எடுத்த பெறகு ஒரு மணி நேரமாவது கூட இருந்து பாக்கறது எங்க வழக்கம்."

"உன்மேல எனக்கிருக்கற கோவம் போகல. அது வேற. நீ நின்னா நீ மூட்டின மாதிரி ஆயிடும். கெளம்பு."

மகனையும் கார் வரைக்கும் துரத்திவிட்டார். அவன் அரை மனதாகப் புறப்பட்டுப் போனான்.

சின்னவன் ஏணியைத் தூக்கி வேன் மேல் கட்டினான். கட்டி முடித்தும் ஏறவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில், குழல்கள் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துப் போய் நின்றான். தபால் ஆபீஸ் அம்மா வீட்டுத் திரைச்சீலை ஒதுங்கி, திரும்ப மூடிக்கொண்டது. குளிர் காதைக் கடித்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. மூன்றாவது குழலின் வாய் காலியாகவே இருந்தது. உள்ளே போய்க் கதவைத் தட்டலாமா என்று ஒரு காலை எடுத்து ரோட்டில் வைத்தான்.

குழலின் ஓரத்தில் சாம்பல் நிறமாக ஏதோ கசிந்தது. இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு. அது நின்றது. மறுபடி வந்தது. இரண்டாவது தடவை வந்தபோது அதற்குக் கொஞ்சம் உடம்பு இருந்தது. பிறகு குழலின் வாய் நிறைய, வெள்ளையாக, கெட்டியாக, நேராக எழுந்து, கூரைகளுக்கு மேலே போன பிறகுதான் காற்றில் சாய்ந்தது.

அந்த வெள்ளை மெலிந்து, வெறும் சூட்டின் நடுக்கம் மட்டும் மிஞ்சும்வரை சின்னவன் அங்கேயே நின்றான். அதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. அவன் போக வேண்டிய வீடு எதுவும் அன்றைக்கு இல்லை.